‘ஆரம்ப நிலைதான்’ என்றால் எத்தனை மில்லிமீட்டர்? கணையக் கட்டி ரிப்போர்ட் பற்றி ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

எனக்கு ஊர் செங்கோட்டை, வேலை திருவனந்தபுரத்தில். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் கட்டியை வெட்டி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ரிப்போர்ட் எழுதும் பத்தாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பது அபூர்வம். ஆனால் தென்காசி, புளியரை, கடையநல்லூர்ப் பக்கத்தில் யாருக்காவது கணையத்தில் ஆபரேஷன் நடந்தால் ரிப்போர்ட் எப்படியோ என் போனுக்கு வந்துவிடும். கூடவே கேள்விகளும் வரும். திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

டாக்டர் ‘ஆக்னேய கிரந்தி’ என்றார். அது என்ன, எங்கே இருக்கிறது?

கணையத்துக்கு மலையாளத்தில் அந்தப் பெயர். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கும். சுமார் 15 செ.மீ. நீளம். வலது பக்கம் தலை, நடுவே உடல், இடது பக்கம் மண்ணீரலைத் தொடும் வால். சாப்பாடு செரிக்கிற நீரும் இன்சுலினும் இங்கேதான் சுரக்கின்றன. செரிமான நீரைக் கொண்டுபோகும் குழாயை நாளம் என்போம். கணையப் புற்றில் பத்துக்கு ஒன்பது அந்த நாள வகையைச் சேர்ந்தது. இந்தப் பக்கத்தில் பேசுவதும் அதைப் பற்றித்தான்.

ரிப்போர்ட்டில் ‘மினிமலி இன்வேசிவ் கார்சினோமா’ என்று இருக்கிறது. சாவித்துவார ஆபரேஷன் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும்.

ஒருநாள் அம்மா வழி உறவில் ஒரு மாமாவின் மகன் போன் செய்தான். “அண்ணே, கீஹோல்லதான் செஞ்சிருக்குன்னு ரிப்போர்ட்லயே போட்ருக்கு. அப்புறம் ஏன் அப்பாவுக்கு வயித்துல இவ்வளவு பெரிய தையல்? காசு மட்டும் கூட வாங்கிட்டாங்களோ?” அவன் மேல் தப்பில்லை. ஆஸ்பத்திரி விளம்பரப் பலகையில் ‘மினிமலி இன்வேசிவ்’ என்றால் சிறு துளை போட்டுச் செய்யும் ஆபரேஷன். எங்கள் ரிப்போர்ட்டில் அதே சொல்லுக்கு, புற்று திசுவுக்குள் கொஞ்சமாகத்தான் ஊடுருவியிருக்கிறது என்று பொருள். ஒன்று சர்ஜனின் கத்தியைப் பற்றியது, மற்றது கட்டியின் நடத்தையைப் பற்றியது.

என்னைக் கேட்டால், அந்தச் சொல்லையே ரிப்போர்ட்டில் எழுதக்கூடாது. நான் மட்டும் சொல்வதில்லை. இந்த வகைக் கட்டிகளைப் பற்றி இத்தாலியின் வெரோனாவில் கூடிய பன்னாட்டு நிபுணர்கள் 2016இல் வெளியிட்ட பரிந்துரையும் அதுதான்: ‘கொஞ்சம்’, ‘நுண்ணிய’ போன்ற சொற்களை விட்டுவிட்டு, ஊடுருவிய பகுதியை அளந்து எண்ணாக எழுதுங்கள். ‘கொஞ்சம்’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். 4 மில்லிமீட்டர் எல்லோருக்கும் 4 மில்லிமீட்டர்தான்.

ஊடுருவல் என்றால் என்ன? கட்டி என்றாலே புற்றுதானே?

கணைய நாளத்தின் உள்சுவரில் செல்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்குக் கீழே மெல்லிய ஒரு படலம், அடித்தள சவ்வு. செல்கள் கோணல்மாணலாகி, பெருகி, நாளத்துக்கு உள்ளேயே குவிந்து கிடக்கிற வரை அது முன்னோடிக் கட்டம். அதிலும் குறைந்த தரம், உயர்தரம் என்று இரண்டு படி உண்டு. (இங்கே ‘உயர்தரம்’ என்றால் மோசமானது. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.) உயர்தரம் வரை போயும் சவ்வைத் தாண்டாவிட்டால் அதை ஸ்டேஜ் 0 என்போம். சவ்வை உடைத்துக்கொண்டு வெளித் திசுவுக்குள் இறங்கிவிட்டால்தான் ஊடுருவும் புற்று. நரம்புகளும் ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. புற்று ஊர் விட்டு ஊர் போகும் வழி அதுதான்.

முன்னோடிக் கட்டிகளில் அடிக்கடி பேசப்படுவது ஐபிஎம்என். நாளத்துக்குள் பாசிபோல வளர்ந்து, கொழகொழவென்று சளியைச் சுரந்து, நாளத்தை ஊதவைக்கும் நீர்க்கட்டி வகை. ஜப்பானில் 1982இல்தான் முதலில் விவரித்தார்கள். இப்போது வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிறது. ஊடுருவல் மிகச் சிறியதாக இருக்கும்போதே பிடிபடும் கணையப் புற்று பெரும்பாலும் இப்படிப்பட்ட கட்டிக்குள்ளிருந்து முளைத்ததுதான். சாதாரண நாளப் புற்று அரை சென்டிமீட்டரில் பிடிபடுவது அரிது. அந்த அளவில் அது வலிக்காது, காமாலையும் காட்டாது.

ஸ்கேனில் 4 செ.மீ. கட்டி என்றார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் டி1ஏ என்று இருக்கிறது. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். நீர்க்கட்டி முழுவதும் 4 செ.மீ., அதன் சுவரில் ஓரிடத்தில் மட்டும் புற்று 4 மி.மீ. இறங்கியிருக்கிறது என்று வையுங்கள். நிலையை முடிவு செய்வது அந்த 4 மி.மீ. தான். நீர்க்கட்டியின் மொத்த அளவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

‘டி’ என்பது கட்டியைக் குறிக்கும் எழுத்து. புற்றின் நிலையைப் பிரிக்க உலகெங்கும் பயன்படும் அமெரிக்க விதிநூல் ஏஜேசிசி. 2018இலிருந்து நடைமுறையில் உள்ள அதன் எட்டாம் பதிப்பின்படி, ஊடுருவிய பகுதி 5 மி.மீ. வரை இருந்தால் டி1ஏ. 5 மி.மீ.க்கு மேல், 1 செ.மீ.க்குக் கீழ் என்றால் டி1பி. 1 முதல் 2 செ.மீ. வரை டி1சி. 2க்கு மேல் 4 வரை டி2, அதற்கும் மேல் டி3. அளவு எதுவானாலும் வயிற்றின் முக்கியத் தமனிகளைப் பற்றிவிட்டால் டி4.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊடுருவல் ஒரே இடத்தில் இல்லாமல் நாலைந்து இடங்களில் புள்ளிபுள்ளியாக இருந்தால் எப்படி அளப்பது? உலகம் முழுக்கப் பத்தாலஜிஸ்டுகள் இன்னும் இதில் ஒத்துப்போகவில்லை. ஆகவே ‘டி1ஏ’ என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனை இடம், பெரியது எத்தனை மி.மீ. என்றும் எழுதியிருந்தால்தான் அது நல்ல ரிப்போர்ட்.

2015இல் சித்தியின் ரிப்போர்ட்டில் டி3 என்று இருந்தது. அதே அளவுக் கட்டிக்கு இப்போது டி2 என்கிறார்கள்?

விதி மாறிவிட்டது. பழைய பதிப்பில் கணையத்தை விட்டு வெளியே வந்தாலே டி3. ஆனால் கணையத்துக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கொழுப்போடு கொழுப்பாகக் கலந்துதான் கிடக்கிறது. வரப்பில்லாத வயலில் ‘எல்லை தாண்டிவிட்டது’ என்று எப்படிச் சொல்வது? அதனால் அளவை வைத்தே பிரிக்க ஆரம்பித்தார்கள். பழைய ரிப்போர்ட்டையும் புதியதையும் அப்படியே ஒப்பிட வேண்டாம்.

ரிப்போர்ட் வர ஏன் இத்தனை நாள்? ரத்தப் பரிசோதனை மாலையே வந்துவிடுகிறதே?

கணையத் தலையில் கட்டி என்றால் சர்ஜன் எங்களுக்கு அனுப்புவது கணையத் தலை, சிறுகுடலின் முதல் வளைவு, பித்தக்குழாய், பித்தப்பை எல்லாம் சேர்ந்த ஒரு கொத்து. அது ஃபார்மலினில் ஊறி இறுக வேண்டும். பிறகு வெட்டுவிளிம்புகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிற மை பூசுவோம். அப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது இது தமனிப் பக்கமா, சிரைப் பக்கமா என்று தெரியும். பிறகு ரொட்டி அறுப்பதுபோல ஒரே சீராகச் சீவல்கள் போட்டு, துண்டு துண்டாகச் சிறு பிளாஸ்டிக் பெட்டிகளில் வைத்து, மெழுகில் பதிப்போம். அந்த மெழுகுக் கட்டிக்குத்தான் பிளாக் என்று பெயர். ஐபிஎம்என் என்றால் கட்டி முழுவதையும் பரிசோதிக்க வேண்டும். ஒரு துண்டை விட்டுவிட்டு, அந்தத் துண்டில்தான் அந்த 3 மி.மீ. இருந்தது என்றால்? ஒரே கட்டிக்கு ஐம்பது, அறுபது மெழுகு பிளாக்குகள் ஆவது சகஜம். ஒவ்வொன்றிலும் முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடியில் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

பார்க்கும்போதும் ஏமாற்றும். சில இடங்களில் நீர்க்கட்டி உடைந்து சளி மட்டும் வெளியே கசிந்திருக்கும். முதல் பார்வைக்கு ஊடுருவல் போலவே தோன்றும், ஆனால் சளிக்குள் ஒரு செல்கூட மிதக்காது. நாள்பட்ட அழற்சியில் சுருங்கிப்போன நல்ல சுரப்பிகளும் புற்று வேஷம் போடும். சந்தேகமானால் அதே பிளாக்கிலிருந்து இன்னும் பத்து இழை சீவச் சொல்வோம், பக்கத்து மேஜைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவோம். பத்து நாள் ஆனால் அது பெரும்பாலும் இதற்காகத்தான்.

‘கொலாய்ட்’, ‘டியூபுலர்’ என்று வேறு போட்டிருக்கிறார்களே?

ஐபிஎம்என்னிலிருந்து வரும் ஊடுருவல் முக்கியமாக இந்த இரண்டு வகை. கொலாய்டில் சளிக்குளங்களுக்குள் புற்றுச் செல்கள் ஆங்காங்கே மிதக்கும். அது மெதுவாகப் போகிற வகை. டியூபுலர், சாதாரண நாளப் புற்றைப் போலவே குழாய் குழாயாக நரம்பைச் சுற்றி ஊர்ந்து போகும். ஒரே மில்லிமீட்டர் அளவில் இரண்டு பேர் இருந்தால், கொலாய்ட்காரருக்குப் பொதுவாக வாய்ப்பு அதிகம். அளவைக் கேட்பவர்கள் வகையைக் கேட்பதே இல்லை.

சரி, நேராகவே கேட்கிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு காலம்?

கணையப் புற்று வந்த எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், அமெரிக்கக் கணக்கில் ஐந்து ஆண்டைத் தாண்டுபவர்கள் நூற்றுக்குச் சுமார் 13 பேர். கூகுளில் தேடினால் முதலில் வந்து பயமுறுத்துவது இந்த எண்தான். இதில் பெரும்பங்கு, கண்டுபிடிக்கும்போதே பரவிவிட்டதால் ஆபரேஷனே செய்ய முடியாதவர்கள். உங்கள் அப்பா அந்த வரிசையில் இல்லை.

ஆபரேஷன் முடிந்தவர்களை ஜப்பான் பல்லாண்டுகளாகப் பதிவேட்டில் எழுதிவருகிறது. அதில் ஸ்டேஜ் 0இல் இருந்தவர்களில் ஏறத்தாழ 86 சதவீதம் பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டினார்கள். கட்டி 1 செ.மீ.க்குள் இருந்தவர்களில் சுமார் 80 சதவீதம். 1 செ.மீ.யைத் தாண்டி 2க்குள் போனாலே அது சுமார் 50 சதவீதத்துக்கு இறங்குகிறது. ஒரு கடுகு அளவும் ஒரு கடலை அளவும் எங்களுக்கு ஏன் இவ்வளவு வேறு வேறு என்று இப்போது புரியும்.

ஆனால் 80 சதவீதம் என்றால் மீதி 20 பேர் இருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கட்டியிலும் சிலருக்குத் திரும்ப வருகிறது. ‘ஆரம்ப நிலை, முழுசா எடுத்தாச்சு, இனி ஒண்ணுமில்லை’ என்று வார்டில் யாராவது சொல்லியிருந்தால், அதில் முதல் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டி எண் சின்னதாக இருந்தால் போதும்தானே?

போதாது. அடுத்த வரியில் ‘என்’ இருக்கும். அது நிணநீர் முடிச்சுகள். எதிலும் புற்று இல்லையென்றால் என்0, ஒன்று முதல் மூன்றில் இருந்தால் என்1, நான்கும் அதற்கு மேலும் என்2. டி1ஏ கட்டியாக இருந்தாலும் என்1 என்றால் நிலை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவிவிடும். எத்தனை முடிச்சுகளைப் பரிசோதித்தார்கள் என்பதையும் பாருங்கள். குறைந்தது 12 இருக்க வேண்டும். மூன்றே மூன்றைப் பார்த்துவிட்டு ‘எதிலும் இல்லை’ என்றால் அதை நம்பி உட்கார முடியாது.

அப்புறம் விளிம்பு. மை பூசிய ஓரத்தில் புற்று இல்லையென்றால் ஆர்0. செல்கள் ஓரம் வரை வந்திருந்தால் ஆர்1, அதாவது கண்ணுக்குத் தெரியாத அளவில் உள்ளே மிச்சம் இருக்கலாம்.

கட்டி ‘ஆம்புல்லாவில்’ என்றார் ஒரு டாக்டர், ‘கணையத் தலையில்’ என்றார் இன்னொருவர்.

பித்தக்குழாயும் கணைய நாளமும் சேர்ந்து குடலில் திறக்கும் வாசல்தான் ஆம்புல்லா. அங்கே வரும் கட்டி சீக்கிரமே காமாலையைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆபரேஷன் ஒன்றுதான். நிலை பிரிக்கும் விதி வேறு, வாய்ப்பும் பொதுவாக மேல். பிறப்பிடம் எது என்று கடைசி ரிப்போர்ட்டில் பாருங்கள்.

இவ்வளவு சின்னக் கட்டிக்கும் கீமோ தேவையா?

சாதாரண நாளப் புற்றுக்கு, உடம்பு தாங்குமென்றால், ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ என்பது இன்று வழக்கம். 2018இல் வெளிவந்த பிரெஞ்சு–கனடா சோதனையில், நான்கு மருந்துகள் சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸ் எடுத்தவர்களில் பாதிப் பேர் 54 மாதங்களைத் தாண்டினார்கள். ஜெம்சிடபின் என்ற ஒரே மருந்தை மட்டும் எடுத்தவர்களில் அது 35 மாதம்.

ஐபிஎம்என்னில் முளைத்த டி1ஏ, முடிச்சு சுத்தம், கொலாய்ட் வகை என்றால் கதை வேறு. அவர்களுக்குக் கீமோவால் எவ்வளவு லாபம் என்று காட்டிய பெரிய சோதனை இல்லை. முடிச்சில் புற்று இருப்பவர்களுக்கும் டியூபுலர் வகைக்கும்தான் பலன் தெரிகிறது. கீமோ வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் ‘கைவிட்டுவிட்டார்’ என்று நினைக்காதீர்கள். வேண்டும் என்றால், காயம் ஆறி, சாப்பிடத் தொடங்கி, தெம்பு வந்த பிறகு ஆரம்பிக்கலாம். பன்னிரண்டு வாரம் வரை காத்திருந்தாலும், முழுச் சுற்றையும் முடிப்பதுதான் முக்கியம்.

மீதிக் கணையத்தில் மறுபடி வருமா?

ஐபிஎம்என்னில் வரலாம். அது ஒரு செடியல்ல, முளைவிடும் நிலம். ஊடுருவல் இல்லாமல் எடுத்தவர்களுக்கும் மிச்சக் கணையத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். புற்றாகியிருந்தால் முதல் இரண்டு ஆண்டு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன், பிறகு இடைவெளி கூடும். கணையப் புற்றில் பலருக்கு ரத்தத்தில் கூடும் சிஏ 19-9 என்ற பொருளை அளக்கும் பரிசோதனையும் செய்வார்கள். நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்தப் பொருள் உடம்பில் சுரப்பதே இல்லை. ஆகவே ‘நார்மல்’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டதால் வந்ததா?

இந்தக் கேள்வி மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. கேரளத்தில் ஒரு காலத்தில் இளவயதிலேயே கணையத்தில் கல் விழுந்து, வலியும் சுகரும் வந்து மெலிந்துபோகிறவர்கள் ஏராளம். டாக்டர் கீவர்கீஸ் அவர்களைப் பெரிய அளவில் ஆராய்ந்து எழுதினார். ஏழைகள் சாப்பிடும் மரச்சீனி மேல் அப்போது பழி விழுந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. ஸ்பிங்க்1 என்ற மரபணுவின் மாற்றம் பலரிடம் இருந்ததைக் கண்டார்கள்.

கிழங்கின் மேல் போட்ட பழியை விட்டுவிடலாம், கணையக் கல்லை அப்படி விட முடியாது. அந்த நாள்பட்ட கல்நோய் உள்ளவர்களுக்குக் கணையப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பழகிய வலி திடீரென்று குணம் மாறினாலோ, எடை குறைந்தாலோ, ‘பழைய வலிதானே’ என்று மாத்திரை போட்டுப் படுக்க வேண்டாம். சிகரெட்டும் ஒரு காரணம். அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை.

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சுகர் வந்தால் கணையப் புற்றா?

பெரும்பாலும் வெறும் சுகர்தான். அப்படிப் புதிதாக வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் ஒருவருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்று தெரியவருகிறது. சுகரோடு எடையும் காரணமில்லாமல் இறங்கினால் ஸ்கேன் பற்றிக் கேளுங்கள்.

இனிமேல் பார்டர் புரோட்டா சாப்பிடலாமா?

இதைக் கேட்காத ஆளே இல்லை! கணையத்தின் ஒரு பகுதி போனதும் கொழுப்பைச் செரிக்கும் நொதி குறையும். மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்தால் அதுதான் அறிகுறி. நொதி கேப்சூல் கொடுப்பார்கள். அதைச் சாப்பாட்டோடு, முதல் வாயிலேயே போட வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்பவர்களே அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடுங்கள். அரைப் புரோட்டா, கொஞ்சம் கோழி என்றால் கேப்சூலோடு சமாளிக்கலாம். நான்கு எண்ணெய்ப் புரோட்டாவுக்கு எந்தக் கேப்சூலும் ஈடுகொடுக்காது. சுகர் பார்ப்பதும் தொடர வேண்டும்.

வால் பக்க ஆபரேஷனில் மண்ணீரலையும் எடுத்திருந்தால், அதற்கான தடுப்பூசிகளைப் போட்டாச்சா என்று கேளுங்கள். பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும் பாராசிட்டமால் போட்டு மறுநாள் வரை பார்க்காமல் அன்றே ஆஸ்பத்திரி போங்கள்.

இரண்டாவது அபிப்பிராயம் கேட்கலாமா? எதையெல்லாம் எடுத்துப் போவது?

தாராளமாகக் கேட்கலாம், டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. ஸ்லைடுகளையும் பிளாக்குகளையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள், ஸ்கேன் சிடியும் வேண்டும். திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்), வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் ஸ்லைடை மறுபடி படித்துப் பார்ப்பார்கள். காப்பீட்டு அட்டை எல்லை தாண்டினால் செல்லுமா என்பதைக் கிளம்பும் முன்பே அந்த ஆஸ்பத்திரிக் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டு அட்டையோடு ஆரியங்காவு தாண்டிப் போய் அட்மிஷன் வாசலில் நின்று விழித்தவர்கள் உண்டு.

பிளாக் என்பது மெழுகு. சித்திரை வெயிலில் ஒருவர் அதைக் கார் கண்ணாடிக்குக் கீழே வைத்து, தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு வழியாக ஓட்டி வந்தார். என்னிடம் வந்து சேர்ந்தபோது நாலைந்து பிளாக்கின் ஓரம் இளகியிருந்தது. நல்லவேளை, உள்ளே இருந்த திசு தப்பித்தது. ஸ்லைடைத் துணியில் சுற்றுங்கள், பிளாக்கைப் பையில் போட்டு நிழலில் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் சொல்லலாமா?

என் தொழில் இதற்கு விடை சொல்லாது. ஆனால் அந்த மாமா விஷயத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரும் ‘அல்சர் கட்டி’ என்று சொல்லி வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் ஸ்கேனுக்கு வந்தவர் என் அறைக்குள் எட்டிப் பார்த்து, கதவைச் சாத்திவிட்டு, “மாப்ளே, நாலு மில்லியா, அஞ்சு மில்லியா?” என்று கேட்டார். நாலு என்றேன். “பயலுகளுக்குத் தெரிஞ்சதா காட்டிக்காத, பயப்படுவானுக” என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார்.